எட்டு புள்ளி ஆறு

அக்டோபரில் புந்தா அரேனாஸில் வசந்தம் என்பார்கள்.
மரங்கள் நம்பவில்லை. எல்லாம் கிழக்கே சாய்ந்து
காற்றுக்கு வழிவிட்டே நிற்கின்றன.
கடற்கரைச் சாலையில் ஒரு விளக்கு,
இன்றைய வெயில் எவ்வளவு பொல்லாதது என்று
நிறம் மாறிச் சொல்லும்.
இன்று சிவப்பு.

அதைத் தாண்டித்தான் வந்தாள் நெவெங்கா,
ஆட்டுப் பண்ணையிலிருந்து, தொப்பியோடு.
முகம் முழுக்கக் கோடுகள்.
காதோரம் ஒரு மச்சத்தை வெட்டி எடுத்த வடு.
பின்னால் தானித்ஸா.
ஒரே முட்டை பிளந்து பிறந்தவர்கள்;
பதினொரு நிமிடம் இளையவள்,
பத்து வருடம் இளையவளாய்த் தெரிந்தாள்.
காத்திருந்தவர்களில் ஒருவர்
அம்மாவும் மகளுமா என்றே கேட்டுவிட்டார்.
தானித்ஸா சிரித்தாள்,
வாயைத் திறக்காமல்.

இருவரிடமும் ஒரு குழாய் இரத்தம் எடுத்தேன்.
நெவெங்காவின் நரம்பு கயிறு மாதிரி எழுந்து வந்தது.
தானித்ஸாவுக்கு மூன்று முறை குத்த வேண்டியிருந்தது.

நெவெங்கா: பூச்சியம் புள்ளி ஏழு.
தானித்ஸா: எட்டு புள்ளி ஆறு.

பெயரை மாற்றி ஒட்டிவிட்டேனோ?
மறுபடி ஓட்டினேன்.
எட்டு புள்ளி ஆறு.

காய்ச்சல் இல்லை. இருமல் இல்லை.
அழற்சி என்று எழுதினேன்.
அழல் அந்தச் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

கை வெட்டுப்பட்டால் வரும் தீ நல்ல தீ.
சிவக்கும், வீங்கும், வேலை முடித்துக் கிளம்பிவிடும்.
இது கிளம்பாதது.
அடுப்பை அவித்தாயிற்று என்று படுத்த பிறகும்
சாம்பலுக்கடியில்
விடியும்வரை கண் விழித்திருக்கும் கங்கு.
தோலுக்கடியில் பின்னிக் கிடக்கும் கொலாஜனில்
நாளுக்கொரு இழையாகக் கருக்கிக்கொண்டிருக்கும்.
கிழடாகிப்போன சில செல்கள் வேறு,
சாகவும் மாட்டா, வேலையும் செய்யா,
வேலியோரம் நின்று வம்பு பேசி
அக்கம்பக்கத்தையும் மூட்டிவிடும்.
இதயம்வரை போகும் அந்தப் பேச்சு.
ஆயுள் எங்கே கசிகிறது என்று
யாருக்கும் சத்தம் கேட்காது.

என் முழங்கையிலும் ஒரு செதில் தீவு உண்டு,
சட்டைக் கைக்குள்.
என் இரத்தத்தை நான் ஒருமுறைகூட
அந்த இயந்திரத்தில் வைத்ததில்லை.

நான் மருத்துவர் இல்லை; எண்ணைக் கையில் கொடுப்பவள்.
ஆனாலும் கேட்டேன்: தூக்கம்?
நண்டு ஆலையில் பதினான்கு வருடம் இரவு வேலை என்றாள்.
பல் தேய்த்தால் இரத்தம் வருமா?
எல்லோருக்கும் வரும்தானே, என்றாள்.
வராது, என்றாள் நெவெங்கா, பட்டென்று.

பிறகு தானித்ஸா காலுறையைக் கீழே இழுத்தாள்.
கெண்டைக்காலில், ஆலைத் தள்ளுவண்டி இடித்த இடம்.
பிப்ரவரியில் இடித்தது.
இன்னும் மூடவில்லை, ஓரமெல்லாம் ஊதா.
முகத்தில் இல்லாத வயதெல்லாம்
அந்த நாணயமளவுப் புண்ணில் கூடியிருந்தது.

"இதைக் காட்டவே இல்லையே" என்றாள் அக்கா.
"நீ முகத்தைத்தானே பார்ப்பாய்."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
கண்ணாடிக் கதவைக் காற்று தள்ளித் தள்ளிப் பார்த்தது.

"என்னைச் சுட்டது வெயில், திட்டலாம்" என்றாள் நெவெங்கா.
"இவளுக்கு யாரைத் திட்டுவது? ஆலையையா?"
"ஆலைதான் சோறு போட்டது."

மருத்துவருக்கு ஒன்று, பல் மருத்துவருக்கு ஒன்று,
இரண்டு சீட்டு எழுதிக் கொடுத்தேன்.
தானித்ஸா அவற்றை நான்காக மடித்து
நண்டு வாடை போகாத பைக்குள் வைத்தாள்.

சன்னலிலிருந்து பார்த்தேன்.
இருவருக்கும் ஒரே தொப்பி.
தங்கை தலையில் அக்கா வைத்தாள்;
நாலு அடி நடந்து தங்கை திருப்பி வைத்தாள்.
சிவப்பு விளக்கைக் கடக்கும்வரை
அது ஒரு தலையில் நிற்கவில்லை.